மூஸ் மான் கணக்கு குத்துமதிப்பு அல்ல

"அலாஸ்காவில் எத்தனை மூஸ் மான்களை வேட்டையாடலாம் என்பதை வனவிலங்கு உயிரியலாளர்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து குத்துமதிப்பாக முடிவு செய்கிறார்கள்" என்றொரு தகவல் சுற்றி வருகிறது. இது தவறு.

வேட்டை விதிகளை வகுப்பது அவர்கள் இல்லை. ஆளுநர் நியமிக்கும் 7 பேர் கொண்ட வாரியம்தான் வகுக்கிறது. உயிரியலாளர்கள் தருவது தரவும் பரிந்துரையும்.

சரி, அந்தத் தரவு எப்படி வருகிறது? பெரும்பாலும் சாலையே இல்லாத நிலப்பரப்பு அது. குளிர்காலத் தொடக்கத்தில், தரையைப் பனி மூடியதும், சிறிய விமானத்தில் தாழப் பறந்து எண்ணுகிறார்கள். வெண்பனியில்தான் அந்தக் கரும்பழுப்பு உடல் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். ஆண் மான்கள் கொம்பை உதிர்ப்பதற்குள் எண்ணிவிட்டால் ஆண், பெண் விகிதமும் கிடைக்கும். கிடைக்கும் அவகாசம் சில வாரங்களே. பனி சரியாக விழாவிட்டால் அந்த ஆண்டுக் கணக்கெடுப்பே நின்றுபோகலாம். மரங்களுக்குள் மறைந்து கண்ணில் படாத விலங்குகளுக்கும் திருத்தம் சேர்த்து, பிழை வரம்போடுதான் எண்ணிக்கையைச் சொல்கிறார்கள். அப்புறம், வேட்டைக்காரர்கள் கட்டாயம் தரவேண்டிய அறிக்கைகளும் இதில் சேருகின்றன.

அமெரிக்காவில் பணியின்போது உயிரிழந்த வனவிலங்கு உயிரியலாளர்களில் பெரும்பாலோர் விமான விபத்துகளில்தான் இறந்தார்கள். அவர்கள் வேலையைக் குத்துமதிப்பு என்று சொல்வது பெரிய அநியாயம்.