நாவலைக் கொடுத்தால் அடையாள அட்டை கேட்கிறார்கள்

பிடித்த புத்தகத்தைப் பற்றி யாரிடமாவது நாலு வார்த்தை சொல்லிப் பாருங்கள். கதை என்ன, எந்த இடத்தில் மூச்சு நின்றது, எந்தப் பாத்திரம் மண்டைக்குள்ளேயே குடியிருக்கிறது என்று நீங்கள் ஆசையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவர் தொண்டையைச் செருமுவார். "அது புனைபெயருங்க. அவர் உண்மையிலே யாரு தெரியுமா?"

அவ்வளவுதான். புத்தகம் அங்கேயே செத்துவிட்டது. இனி வரப்போவது இயற்பெயர், பார்த்த வேலை, எந்த ஊர், யாருக்கு உறவு, மனைவி பெயரா மகள் பெயரா, ஏன் அப்படி வைத்துக்கொண்டார். எல்லாம் முடிந்தபின், "அது சரி, நீங்க அந்த நாவலைப் படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டால் வரும் பதில்: "இல்லை, படிக்கணும்."

படிக்கணுமாம்! எழுதியவரின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை மனப்பாடம், எழுதியதில் ஒரு பக்கம்கூடத் தெரியாது. இந்தக் கூட்டத்தோடு மாரடித்து மாரடித்து அலுத்துவிட்டது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓர் எழுத்தாளரின் இயற்பெயரைத் தெரிந்துகொள்வது பாவம் இல்லை. புதுமைப்பித்தன் விருத்தாசலம் என்பதும், அசோகமித்திரன் தியாகராஜன் என்பதும், நகுலன் துரைசாமி என்பதும் நூலின் பின்னட்டையிலேயே கிடைக்கிற சங்கதி. எனக்கும் தெரியும். தெரிந்து என்ன ஆகிவிட்டது? விருத்தாசலம் என்று தெரிந்ததால் கதையில் ஒரு வரியாவது மாறிவிட்டதா? ஆனால் இந்தத் தகவல் மன்னர்கள் அதை வெளியிடும் தோரணையைப் பார்க்க வேண்டும். ஏதோ எழுத்தாளர் திருடி ஒளித்து வைத்ததை இவர்கள் கையும் களவுமாகப் பிடித்துவிட்டதுபோல.

சுஜாதாவை எடுத்துக்கொள்ளுங்கள். ரங்கராஜன் என்ற பெயரில் எழுதியிருக்கலாம். ஆனால் ரா.கி. ரங்கராஜன் ஏற்கெனவே பத்திரிகை உலகில் பெயர் பெற்றவர், குழப்பம் வேண்டாம் என்று மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டார். இத்தனை சாதாரணக் காரணம். இதில் மர்மமும் இல்லை, மண்ணும் இல்லை. ஆனாலும் அவருடைய கதை ஒன்று பிடிக்கும் என்று நான் வாயைத் திறந்தால், "சுஜாதாங்கறது அவர் மனைவி பேரு, தெரியுமா?" என்று ஒரு குரல் வராமல் இருப்பதில்லை. தெரியும் ஐயா. எல்லோருக்கும் தெரியும். கதைக்கு வாருங்கள்.

அந்த ரா.கி. ரங்கராஜனே சும்மா இருந்தாரா? சூர்யா, கிருஷ்ணகுமார், முள்றி, லைட்ஸ் ஆன் வினோத் என்று வகைக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டு எழுதித் தள்ளினார். ஸ்ரீவேணுகோபாலன் என்று வரலாற்று நாவல் எழுதியவரே புஷ்பா தங்கதுரை என்ற பெயரில் முற்றிலும் வேறு மாதிரிக் கதைகளை எழுதினார். வண்ணதாசன் என்றால் சிறுகதை, கல்யாண்ஜி என்றால் கவிதை. அம்பை என்றால் புனைவு, சி.எஸ். லக்ஷ்மி என்றால் ஆய்வு. ஒரே ஆள் இரண்டு வாசலில் நின்று இரண்டு விதமாகப் பேசுகிறார். எந்த வாசலுக்கு எந்தக் குரல் என்று அவரே முடிவு செய்து பெயர்ப்பலகையும் மாட்டியிருக்கிறார். அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "ரெண்டும் ஒரே ஆளுதான்" என்று கத்துவதில் என்ன ஆனந்தமோ!

இதெல்லாம் வெளிப்படையாகத் தெரிந்த பெயர்கள். இதிலாவது யாருக்கும் சேதாரமில்லை. வேண்டுமென்றே மறைந்து எழுதுகிறவர்கள் விஷயத்தில்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

எலெனா ஃபெரான்டே என்ற பெயரில் எழுதும் இத்தாலிய எழுத்தாளர், 1992இல் முதல் நாவல் வருவதற்கு முன்பே பதிப்பாளருக்குக் கடிதம் எழுதி, எழுதி முடித்த புத்தகத்துக்கு ஆசிரியர் தேவையில்லை, விளம்பரத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் எப்படிச் சொல்ல முடியும்? ஆனாலும் 2016இல் ஒரு பத்திரிகையாளர் பணப் பரிமாற்றங்களையும் சொத்து ஆவணங்களையும் தோண்டித் துருவி, இன்னார்தான் என்று ஒரு பெயரை எழுதினார். கறுப்புப் பண முதலாளியைத் தேடுகிற முறையில் ஒரு நாவலாசிரியரைத் தேடியிருக்கிறார். அவர் செய்த குற்றம்? நன்றாக எழுதியது.

அவருடைய நேப்பிள்ஸ் நாவல்கள் 2018 முதல் 2024 வரை நான்கு சீசன்களாகத் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தன. இரண்டு சிறுமிகள் வளர்ந்து, சண்டையிட்டு, பொறாமைப்பட்டு, ஒருவரை விட்டு ஒருவர் விலக முடியாமல் கிழவிகளாகிறவரை நீளும் கதை. எனக்கு மிகவும் பிடித்த தொடர் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். நான் எதிர்பார்த்தது, "லீலா செய்தது சரியா?" என்று ஒரு சண்டை. வந்தது, "அதை எழுதினது ஒரு ஆம்பளைன்னு சொல்றாங்களே, உண்மையா?" அந்தத் தொடரைப் பார்த்துவிட்டு, அதில் இல்லாத ஒரே விஷயத்தைப் பற்றிக் கேட்கிற மனசு எப்படித்தான் வாய்க்கிறதோ! பார்த்துவிட்டு என்றா சொன்னேன்? பார்க்கவே இல்லை, அதுதான் விஷயம்.

இந்த ஆணா பெண்ணா ஆரூடக்காரர்கள் தனி ரகம். நடையை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்களாம். "இது பெண் கை, வர்ணனையிலேயே தெரியுது" என்பார்கள். ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் என்ற பெயரில் அறிவியல் கதைகள் எழுதிய ஒருவர் இருந்தார். பெண்ணாக இருக்கலாம் என்று பேச்சு எழுந்தபோது, ராபர்ட் சில்வர்பெர்க் 1975இல் அவருடைய தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில் அதை அபத்தம் என்று தள்ளினார், அந்த எழுத்தில் மறுக்க முடியாத ஆண்மை இருக்கிறது என்றார். கொஞ்ச காலத்திலேயே உண்மை வெளியானது. எழுதியவர் ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண்மணி, அறுபது வயதைத் தாண்டியவர். சில்வர்பெர்க் துறையில் ஊறிய எழுத்தாளர். அவருக்கே அந்தக் கதி. நம் ஆட்கள் முதல் அத்தியாயத்தைக்கூடத் தாண்டாமல் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

சிலருக்குப் புனைபெயர் என்பது விளையாட்டு இல்லை, எழுதவே முடிகிற ஒரே வழி. சல்மா வீட்டாருக்குத் தெரியாமல் ஒளிந்து எழுதியவர். அந்தப் பெயர் இல்லையென்றால் அந்தக் கவிதைகள் வெளியே வந்திருக்காது. 1955இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் தொடங்கிய ராபின் ஹுட் தொடரின் பல பகுதிகளை எழுதியவர்கள், கம்யூனிஸ்டுகள் என்று முத்திரை குத்தப்பட்டு ஹாலிவுட்டில் வேலை மறுக்கப்பட்ட அமெரிக்க எழுத்தாளர்கள். ஊர்பேர் தெரியாத பொய்ப் பெயர்களில்தான் எழுதினார்கள். பணக்காரர்களிடம் பிடுங்கி ஏழைகளுக்குக் கொடுக்கும் கதை, எழுதியவர்களோ தேடப்படும் ஆட்கள்! அன்றைக்கு யாராவது ஒரு தகவல் மன்னர், "அது யாரு தெரியுமா?" என்று உளறியிருந்தால் பல வீடுகளில் அடுப்பு அணைந்திருக்கும். இன்றைக்கும் வேலை இடத்துக்குத் தெரியாமல், மாமியாருக்குத் தெரியாமல், விட்டு ஓடிவந்த கணவனுக்குத் தெரியாமல் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் யாருடைய பெயரை வெளியே சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பது அப்படி என்ன பெரிய கஷ்டம்?

"பேரைத் தெரிஞ்சுக்கிட்டா எழுத்தை இன்னும் ஆழமாப் புரிஞ்சுக்கலாம்" என்று ஒரு வாதம் வைக்கிறார்கள். ஆழமாம். பெயர் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதை டோரிஸ் லெஸ்ஸிங் செய்தே காட்டிவிட்டார். ஜேன் சோமர்ஸ் என்ற பெயரில் ஒரு நாவலை எழுதி அனுப்பினார். அவருடைய வழக்கமான பிரிட்டிஷ் பதிப்பாளரே அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்! வேறொரு பதிப்பகம் 1983இல் வெளியிட்டபோது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. லெஸ்ஸிங் பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர். அதே கை, அதே மூளை. அட்டையில் பெயர் மட்டும் வேறு.

ராபர்ட் கால்பிரெய்த் விஷயமும் அப்படித்தான். 2013 ஏப்ரலில் அந்தப் பெயரில் ஒரு துப்பறியும் நாவல் வந்தது. மதிப்புரைகள் நன்றாகவே இருந்தன, ஆனால் கெட்டி அட்டைப் பதிப்பு சுமார் 1500 பிரதிகள்தான் விற்றிருந்தன. எழுதியவர் ஜே.கே. ரௌலிங் என்று ஜூலையில் செய்தி வந்ததும் விற்பனைப் பட்டியலில் ஒரே தாவலாக முதலிடம். நாவலில் ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. செய்தி கசிந்தது எப்படி என்று நினைக்கிறீர்கள்? அவருடைய சட்ட நிறுவனத்தின் பங்குதாரர் ஒருவர் மனைவியின் தோழியிடம் சொல்ல, அந்த அம்மாள் ஒரு பத்திரிகையாளரிடம் சொல்ல... "யாருகிட்டயும் சொல்லாதே" என்று சொல்லித்தான் சொல்லியிருப்பார், சந்தேகமே வேண்டாம். அந்த மூன்று மாதம் புகழும் எதிர்பார்ப்பும் இல்லாமல் எழுத முடிந்ததை விடுதலை என்று ரௌலிங் சொன்னார். அதைக்கூட அவரால் வைத்துக்கொள்ள முடியவில்லை.

சரி, நியாயம் என்று ஒன்று இருக்கிறது. எல்லாப் புனைபெயருக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. ஸ்பெயினில் கார்மென் மோலா என்ற பெயரில் ரத்தம் தெறிக்கும் துப்பறியும் நாவல்கள் வந்தன. எழுதுபவர் ஒரு பேராசிரியை, மூன்று பிள்ளைகளின் தாய் என்று கதை கட்டப்பட்டது. 2021இல் பத்து லட்சம் யூரோ மதிப்புள்ள பிளானெட்டா பரிசு அறிவிக்கப்பட்டபோது மேடைக்கு வந்தவர்கள் மூன்று ஆண்கள். மூவரும் தொலைக்காட்சித் தொடர்களுக்குத் திரைக்கதை எழுதுகிறவர்கள்! ஒரு பெயரை வைத்துக்கொள்வது வேறு, இல்லாத ஒரு தாயின் வாழ்க்கையையே ஜோடித்து வாசகரிடம் விற்பது வேறு. இரண்டாவதைக் கேள்வி கேட்டால் நானும் கூடச் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் இந்த ஒரு வழக்கைக் காட்டி, "பாத்தீங்களா, அதான் தோண்டுறோம்" என்று எல்லார் வீட்டுக் கதவையும் தட்டுவது அராஜகம்.

பிடித்ததைப் பகிர்வது என்பதே இப்போது ஒரு தேர்வு மாதிரி ஆகிவிட்டது. "என்ன பார்க்கலாம், நல்லதா ஒண்ணு சொல்லுங்க" என்று அவர்களாகத்தான் கேட்கிறார்கள். நான் யோசித்து, அவர்கள் ரசனையை மனதில் வைத்து, விண்வெளியில் நடக்கிற ஒரு நல்ல தொடர், ஆறு சீசன், ஜேம்ஸ் எஸ்.ஏ. கோரி எழுதிய நாவல்களிலிருந்து எடுத்தது என்கிறேன். உடனே கைபேசியை எடுத்துத் தேடி, "அது ரெண்டு பேருங்க! டேனியல் ஆப்ரஹாமும் டை ஃப்ராங்க்கும்!" ஆமாம், இரண்டு பேர்தான், தங்கள் பெயர்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்துச் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். அதற்கு என்ன இப்போது? முதல் பகுதியைப் பாருங்கள் என்றால், "பார்க்கலாம்" என்று கைபேசி பைக்குள் போய்விடுகிறது. அந்தத் தேடலோடு அவருக்குத் தொடரே முடிந்துவிட்டது. முடிவைப் போட்டு உடைக்கிறவர்களையாவது மன்னிக்கலாம், அவர்கள் குறைந்தபட்சம் கடைசிவரை பார்த்திருக்கிறார்கள்.

ஜாக் ரீச்சர் துப்பறியும் நாவல்களை எழுதிய லீ சைல்ட் என்பதும் இயற்பெயர் இல்லைதான். ஜிம் கிராண்ட் என்று பெயர், பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றில் வருஷக்கணக்கில் உழைத்தவர், 1995இல் வேலை போனது, உட்கார்ந்து நாவல் எழுதினார். பார்த்தீர்களா, எனக்கும் இதெல்லாம் சொல்ல வரும். அவருடைய நாயகன் ஒரு மாற்றுச் சட்டைகூட இல்லாமல் ஊர் ஊராகப் போகிறானே, அது எப்படிச் சலிக்காமல் இத்தனை புத்தகங்களுக்கு ஓடுகிறது என்று பேசும்போது, நடுவில் இதைச் சொன்னால் சுவையாக இருக்கும். பேச்சே இதுவாக இருந்தால் அதற்குப் பெயர் இலக்கிய அரட்டை இல்லை, போலீஸ் விசாரணை.

எனவே இனிமேல் என்னிடம் புத்தகம் கேட்பவர்களுக்கு ஒரு விதி வைத்திருக்கிறேன். ஐம்பது பக்கம் படித்துவிட்டு வாருங்கள். பிடிக்கவில்லை என்று திட்டுங்கள், குப்பை என்று சொல்லுங்கள், எந்த இடத்தில் தூக்கம் வந்தது என்று பக்க எண்ணோடு சொல்லுங்கள், சந்தோஷமாகச் சண்டை போடுவேன். ஐம்பது பக்கம் முடிவதற்குள், "எழுதினது யாரு" என்று கேட்டால் அட்டையைக் காட்டுவேன். அங்கே என்ன அச்சாகியிருக்கிறதோ அதுதான் பெயர்.

அப்புறம், என்னிடமிருந்து ஒரு நாவலை இரவல் வாங்கிப் போய், ஆசிரியர் எந்தக் கல்லூரியில் படித்தார் என்பது வரை கண்டுபிடித்து எனக்குக் குரல் செய்தி அனுப்பிய நண்பரே, புத்தகத்தைத் திருப்பிக் கொடுங்கள். படிக்கிறேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.