ட்யூன் பண்ண அமைதி கொடுங்கள்

சுங்கை சிப்புட்டில் கோயில் திருவிழாவுக்கு வாசிக்கும் குழு எங்களுடையது. ஒத்திகையில் என் கித்தாரை ட்யூன் செய்ய யாரும் இரண்டு நிமிட அமைதி தருவதில்லை. எரிச்சலாக வருகிறது.

என்னிடம் இருப்பது ஸ்ட்ரோப் ட்யூனர், ஓடும் கோடுகளால் சுருதியைக் காட்டும் கருவி. அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட், இது 0.1 சென்ட் வரை காட்டும். கோடுகள் வலது பக்கம் ஓடினால் சுருதி கூடுதல், இடது பக்கம் ஓடினால் குறைவு. நின்றால் சரி. ஆனால் பக்கத்தில் பாஸும் டிரம்ஸும் அதிர்ந்தால் என் கம்பிகளும் சேர்ந்து நடுங்குகின்றன, கோடுகள் எப்படி நிற்கும்?

"அண்ணே, போன்ல ஆப் இருக்கே" என்கிறான் தம்பி ஒருவன். போன் மைக்கில் அவன் டிரம்ஸ்தான் முதலில் விழும்!

நெக் பிக்கப்பை (கித்தாரின் கழுத்துப் பக்கம் கம்பியின் ஒலியைப் பிடிக்கும் பகுதி) வைத்து, டோன் குமிழைக் குறைத்து, மற்ற கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கி, மெதுவாகத் தட்ட வேண்டும். சுருதி ஏறிவிட்டால் நன்றாகத் தளர்த்திவிட்டு, கீழிருந்து ஏற்ற வேண்டும். இல்லையென்றால் பாட்டின் நடுவே கம்பி இறங்கிவிடும். அப்புறம் 12ஆம் கட்டையில் (ஃபிரெட்) கம்பியை அழுத்தியும் பார்க்க வேண்டும். அங்கே சுருதி கூடினால் சேடலை, அதாவது கம்பி அமரும் சிறு தாங்கியை, பின்னால் நகர்த்தணும்.

ஏர்கோன் அறையில் சேர்த்த சுருதி மேடை விளக்குச் சூட்டில் இறங்கிவிடும். அங்கேயும் ஒருமுறை பார்க்கத்தான் வேண்டும். நான் கையைத் தூக்கினால் தயவுசெய்து டிரம்ஸ் குச்சியைக் கீழே வையுங்கள்.