எது பிளஸ், எது மைனஸ் என்று எழுதி ஒட்ட என்ன கேடு?

மூன்று வார அலைச்சல். தேவையே இல்லாமல் வாங்கிய ஒரு புதுப் பேட்டரி. சர்வீஸுக்குத் தண்டமாக அழுத காசு. பாலைவனக் குளிரில் என் அம்மா விடிய விடிய நடுங்கிய ஒரு ராத்திரி. இத்தனையும் எதனால்? சோலார் பிளக்கில் இரண்டு வயர் மாறிக் கிடந்ததால். அதை மாற்றியதும் நான் இல்லை. நாங்கள் தங்கி ஊர் சுற்றும் டிரெய்லர் வண்டி, கம்பெனியை விட்டு வெளியே வரும்போதே அப்படித்தான் வந்திருக்கிறது. கேட்டால், "தப்பு ஒன்றும் இல்லையே, எங்கள் முறை அதுதான்" என்கிறார்கள். வயிறு எரிகிறது.

எங்களுடையது 16 அடி டிரெய்லர். தெற்குக் கலிஃபோர்னியாவில் இருக்கிறோம். லீவு கிடைத்தால் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு பாலைவனத்துக்குப் போய்விடுவோம். வாங்கும்போதே அதன் பக்கவாட்டில் ஒரு சின்னக் கறுப்பு மூடி இருந்தது, மேலே 'சோலார் ரெடி' என்று பளபளப்பாக ஒரு ஸ்டிக்கர். விற்றவர் மூடியைத் திறந்து காட்டி, பேனலைச் செருகினால் போதும், வேறு வேலையே இல்லை என்றார். ரெடி என்றால் ரெடி என்றுதானே எந்த மனுஷனும் நினைப்பான்?

உள்ளே இருப்பது என்ன? ஒரு இரண்டு முள் பிளக், அதிலிருந்து எங்கோ போகிற ஒரு வயர். அவ்வளவுதான். வயர் நேராகப் பேட்டரிக்குப் போகிறதா, நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் (பேட்டரிக்குள் போகும் கரண்டை அளவோடு வைக்கும் பெட்டி) உண்டா, ஃபியூஸ் எங்கே, இரண்டு முள்ளில் எது பிளஸ், எதற்கும் பதில் கிடையாது. கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். கழிவுத் தொட்டியைக் கழுவுவதற்கு நான்கு பக்கம் இருக்கிறது. சோலாருக்கு இரண்டு வரி, அதில் ஒன்று, "விவரங்களுக்கு டீலரை அணுகவும்."

ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் விடுமுறை பொங்கலை ஒட்டி வந்தது. அம்மா அப்போது ஊரிலிருந்து வந்திருந்தார். பாலைவனத்தைக் காட்டலாம் என்று ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப் போனோம். அந்த முகாம்களில் கரண்ட் இணைப்பு கிடையாது. ஜெனரேட்டர் ஓட்டவும் குறிப்பிட்ட நேரம்தான் அனுமதி. அதற்காகவே 100 வாட் மடக்குப் பேனல் ஒன்று வாங்கியிருந்தேன், முதுகில் கன்ட்ரோலர் ஒட்டியே வருவது. பிளக்கைச் செருகினேன். கன்ட்ரோலரில் பச்சை விளக்கு எரிந்தது. மனம் நிம்மதியானது.

அந்தப் பச்சை விளக்கை நம்பியதுதான் வினை. பேனலில் வெயில் படுகிறது என்பதற்கு மட்டும்தான் அது எரியும். பேட்டரிக்குள் ஒரு சொட்டுக் கரண்ட்கூடப் போகவில்லை என்பது அதற்குத் தெரியவும் தெரியாது, சொல்லவும் சொல்லாது. இரண்டாம் நாள் ராத்திரி மூன்று மணிக்கு ஹீட்டர் நின்றுபோனது. சிலிண்டரில் கேஸ் முக்கால்வாசி இருந்தது. ஆனால் அந்த ஹீட்டரின் காற்றாடி பேட்டரியில்தான் ஓடும். காற்றாடி போதுமான வேகத்தில் சுற்றாவிட்டால் பாதுகாப்புக்காக ஹீட்டரில் தீ பற்றாது. வெளியே பூஜ்யத்தை ஒட்டிய குளிர். பிள்ளைகள் இரண்டையும் என் மனைவி தன் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். அம்மா சேலைக்கு மேல் என் ஜாக்கெட்டைப் போட்டு, அதற்கு மேல் சால்வையைச் சுற்றி, உட்கார்ந்தே விடியவிட்டார். "எனக்கு ஒண்ணும் இல்லய்யா, நீ போய்ப் படு" என்று அவர் சொன்னபோது பல் கிடுகிடுத்தது எனக்குக் கேட்டது. 68 வயது. அதை நான் மறக்கப் போவதில்லை.

திரும்பி வந்ததும் டீலரின் சர்வீஸுக்குக் கொண்டுபோனேன். மூன்று வாரம் வைத்துக்கொண்டார்கள். பேட்டரி போய்விட்டது, மாற்றிவிட்டோம், எல்லா அளவும் சரியாக இருக்கிறது என்று பில்லை நீட்டினார்கள். எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். டிரெய்லரைச் சுவர் கரண்டில் மாட்டி, பேட்டரியில் 13.6 வோல்ட் வருகிறதே என்றார்கள். சுவர் கரண்டில் மாட்டினால் உள்ளே இருக்கும் கன்வெர்ட்டர், அதாவது சுவர் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி, 13.6 கொடுக்கத்தான் செய்யும்! சோலார் வேலை செய்யவில்லை என்று வந்தவனுடைய வண்டியை, பேனலை வெயிலில் வைத்து ஒரு தடவைகூடச் சோதிக்காமல், சுவரில் மாட்டிப் பார்த்துக் காசு வாங்குவது என்ன நியாயம்? சளி என்று போனவனுக்குக் கால் நகத்தைப் பார்த்துவிட்டு மருந்து எழுதுகிற மாதிரி.

அதற்குமேல் யாரையும் நம்பவில்லை. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன். கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டு, வெயிலில் பேனலை மட்டும் அளந்தால் 21 வோல்ட்டுக்கு மேல் வந்தது. 100 வாட் பேனல் எதையும் மாட்டாமல் இருக்கும்போது அப்படித்தான் வர வேண்டும். ஆக, பேனல் நல்லது. அடுத்து டிரெய்லர் பக்கவாட்டில் இருக்கிற பிளக். வயர் நேராகப் பேட்டரிக்குப் போனால் அங்கே பேட்டரியின் வோல்ட் தெரிய வேண்டும். பூஜ்யம். எங்கோ அறுந்திருக்கிறது. டிரெய்லருக்கு அடியில் மல்லாந்து படுத்து, வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு வயரைத் தடவிக்கொண்டே போனேன். பேட்டரிப் பெட்டிக்குப் பின்னால், இரும்புச் சட்டத்தின் உட்பக்கம், கறுப்பு டேப் சுற்றி ஒரு ஃபியூஸ். வயரிங் படத்தில் கிடையாது, ஏனென்றால் படமே கிடையாது. பிரித்துப் பார்த்தால் ஃபியூஸ் எரிந்து கிடந்தது.

புது ஃபியூஸ் போட்டு மறுபடி அளந்தேன். பிளஸ் இருக்க வேண்டிய முள்ளில் மீட்டரின் சிவப்புக் கம்பி, மற்றதில் கறுப்புக் கம்பி. திரையில் 12.6 வந்தது. அதற்கு முன்னால் ஒரு சின்னக் கோடு. மைனஸ் 12.6. கம்பியை மாற்றி வைத்துவிட்டேனோ என்று மூன்று தடவை பார்த்தேன். இல்லை. பிளக்கே தலைகீழ். அம்மா நடுங்கியதற்குக் காரணம் அந்தக் கோட்டில் இருந்தது. முதல் நாள் நான் பேனலைச் செருகிய அந்த நொடியிலேயே ஃபியூஸ் போயிருக்கிறது. அது மட்டும் இல்லையென்றால் கன்ட்ரோலர் கருகியிருக்கும், வயர் சூடேறித் தீயே பிடித்திருக்கலாம்.

மூடிக்குள் இருக்கும் அந்த இரண்டு முள் பிளக்கின் பெயர் எஸ்.ஏ.இ. அதன் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். இரண்டு முள்ளில் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், இன்னொன்று ரப்பருக்குள் மறைந்திருக்கும். மோட்டார் சைக்கிள் பேட்டரி சார்ஜருக்கெல்லாம் காலங்காலமாக இருப்பது. கரண்ட் இருக்கிற பக்கத்தில் பிளஸ் மறைந்திருக்க வேண்டும், அப்போதுதான் தவறி இரும்பில் பட்டாலும் பொறி பறக்காது. நல்ல யோசனைதான். ஆனால் சோலாரில் கரண்ட் இருக்கிற பக்கம் எது? பேட்டரியிலும் இருக்கிறது, பேனலிலும் இருக்கிறது! ஒரு கம்பெனி பேட்டரிப் பக்கம் பிளஸை மறைக்கிறது, இன்னொன்று பேனல் பக்கம் மறைக்கிறது. இரண்டையும் சேர்த்தால் பிளஸ்ஸும் மைனஸும் முட்டுகின்றன. பிளக் என்னவோ வழுக்கிக்கொண்டு அழகாகப் போய் உட்கார்ந்துவிடும். தப்பாகச் செருகவே முடியாத வடிவம் என்று நாம் நம்புகிற ஒன்று, தப்பாகச் செருகுவதற்கென்றே விற்கப்படுகிறது. இதைச் சரிசெய்ய முள்ளை மாற்றிக் கொடுக்கும் கட்டை விரல் அளவு அடாப்டர் ஒன்று, சில டாலர்தான், கடையில் தொங்குகிறது. அதாவது குழப்பம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் ஸ்டிக்கரில் எழுதாமல் விடுகிறார்கள்.

நிறமாவது கைகொடுக்குமா என்றால் அதுவும் இல்லை. காரில் சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ். நம்ம ஊர் வீட்டு வயரிங்கில் கறுப்பு என்றால் நியூட்ரல். இந்த நாட்டு டிரெய்லர்களில் 12 வோல்ட் லைனுக்குப் பெரும்பாலும் கறுப்பு பிளஸ், வெள்ளை மைனஸ். அதே டிரெய்லருக்குள் 120 வோல்ட் லைனும் கறுப்பு வெள்ளையில்தான் ஓடுகிறது! கட்டிலுக்கு அடியில் கையை விட்டு ஒரு கறுப்பு வயரைப் பிடிப்பவனுக்கு அது ஒன்றும் செய்யாத 12 வோல்ட்டா, ஆளையே தூக்கிவிடும் 120 வோல்ட்டா என்று எப்படித் தெரியும்? நான் சுவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைத்தேன். நீங்களும் தயவுசெய்து அப்படியே செய்யுங்கள்.

அடாப்டர் போட்டதும் சார்ஜ் ஏற ஆரம்பித்தது. அதோடு விட்டதா? நல்ல வெயிலில்கூட மத்தியானத்துக்குள் கன்ட்ரோலர் பேட்டரி நிறைந்துவிட்டது என்று கரண்டைக் குறைத்துக்கொள்ளும். சாயங்காலம் பார்த்தால் பேட்டரி பாதிதான். இதற்கு இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பேனலோடு கொடுத்தது 25 அடி நீள, 16 கேஜ் மெல்லிய வயர் (கேஜ் எண் ஏற ஏற வயர் மெல்லிசு). அதில் 5 ஆம்பியர் போகும்போது கிட்டத்தட்ட 1 வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது. கன்ட்ரோலரோ பேனல் முதுகில், வயரின் மறுமுனையில். அது தன் காலடியில் 14.4 பார்த்து வேலை முடிந்தது என்கிறது. பேட்டரியில் அப்போது 13.4தான். கன்ட்ரோலர் பேட்டரிக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும், வயர் 10 கேஜ் கனத்தில் இருக்க வேண்டும். அப்படி மாற்றிய பிறகுதான் வண்டி உருப்படியானது. பேனல் முதுகில் கன்ட்ரோலரை ஒட்டுவதும் மெல்லிய வயரைக் கொடுப்பதும் பெட்டியில் அடக்கமாக மடிவதற்காக. வாங்குபவனின் பேட்டரி நிறைவதற்காக இல்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பிளக் மூடியின் உட்பக்கம் ஒரு பிளஸ் குறி, ஒரு மைனஸ் குறி. "இந்த வயர் நேராகப் பேட்டரிக்குப் போகிறது, நடுவில் கன்ட்ரோலர் இல்லை" என்று ஒரு வரி, ஃபியூஸ் இருக்கும் இடம். ஒரு பக்கத்தில் வயரிங் படம். கழிவுத் தொட்டிக்கு நான்கு பக்கம் அச்சடிப்பவர்களுக்கு இந்த ஒரு பக்கம் பாரமா? பல்லாயிரம் டாலர் வாங்கிக்கொண்டு வயர் எங்கே போகிறது என்பதை மட்டும் ஒளித்து வைப்பது ஏமாற்று. எனக்கு அதற்கு வேறு பெயர் தெரியவில்லை.

போன வாரம் ஆன்சா பொரேகோ பாலைவனத்தில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு வயதான தம்பதி. சின்ன டிரெய்லர், மடக்குப் பேனல், பக்கவாட்டில் அதே கறுப்பு மூடி. இந்த வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டோம், எங்களுக்கு ராசியில்லை என்று அந்த அம்மா சொன்னார். மல்டிமீட்டரை எடுத்துப் போனேன். முதலில் பூஜ்யம். சட்டத்துக்கு அடியில் தேடி ஃபியூஸை மாற்றினேன். திரையில் 12.3, அதற்கு முன்னால் அதே சின்னக் கோடு. என்னிடம் மிச்சமிருந்த அடாப்டரைப் போட்டுக் கொடுத்தேன். பிறகு வெள்ளை டேப்பைக் கிழித்து, எது பிளஸ், எது மைனஸ், ஃபியூஸ் எங்கே என்று எழுதி மூடிக்குள் ஒட்டினேன். அந்தப் பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை நிதானமாகப் படித்தார். "இதை அவர்களே எழுதியிருக்கலாமே" என்றார்.