பல் மருத்துவத் தீசிஸ்: ஒரு பேட்ச் விட்ட இடத்திலிருந்து அடுத்த பேட்ச் தொடரட்டும்

எம்டிஎஸ் என்கிற பல் மருத்துவ மேற்படிப்பின் கடைசி வருடத்தில் தீசிஸ், அதாவது ஆய்வேடு, கொடுத்து முடித்திருக்கிற தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வாழ்த்துகள். ஓபி, கேஸ், செமினார் எல்லாவற்றுக்கும் நடுவில் ராத்திரி உட்கார்ந்து எழுதி, காப்பி அடிக்கவில்லை என்கிற ப்ளேஜியரிசம் ரிப்போர்ட் வாங்கி, வழிகாட்டுகிற கைடு கையெழுத்துக்கும் துறைத் தலைவர் (ஹெச்ஓடி) கையெழுத்துக்கும் காத்திருந்து பைண்டிங் வரை கொண்டுபோவது எவ்வளவு பெரிய வேலை என்று செய்தவர்களுக்குத்தான் தெரியும். இவ்வளவு உழைப்பை வாங்கிக்கொள்கிற நாம் அதைப் பாதியில் விட்டுவிடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம். நான் குழந்தைகள் பல் மருத்துவம் படித்தவள், அதை வைத்தே சொல்கிறேன்.

ஐந்து வயதுக் குழந்தைக்கு இரண்டாவது பால் கடைவாய்ப்பல்லில் சொத்தை ஆழமாகப் போய்விட்டது என்றால், பல்லைப் பிடுங்காமல் மேல் பகுதியில் உள்ள கெட்ட நரம்பை மட்டும் எடுத்துவிட்டு, வேருக்குள் இருக்கிற மீதி நரம்பின் மேல் மருந்து வைத்து, ஸ்டீல் கேப் போட்டுவிடுவோம். இதுதான் பல்பாட்டமி. அதற்கு வைக்கிற மருந்துகளில் ஃபார்மோகிரெசால் நல்லதா, எம்டிஏ நல்லதா, பயோடென்டின் நல்லதா என்பது எங்கள் துறையில் திரும்பத் திரும்ப எடுக்கப்படுகிற தலைப்பு. கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அந்த இரண்டாவது பால் கடைவாய்ப்பல் தானாக விழுவது பத்து, பன்னிரண்டு வயதில். அதுவரை வலி இல்லாமல், சீழ் பிடிக்காமல், அடியில் வளர்கிற நிலைப்பல்லுக்குக் கெடுதல் செய்யாமல் அது நின்றதா? குழந்தையைக் கூட்டிவந்த அம்மாவுக்குத் தெரிய வேண்டியது அதுதான், நமக்கும் அதுதான். தீசிஸைத் திறந்தால் ஆறு மாத எக்ஸ்ரே இருக்கும், மிஞ்சிப்போனால் ஒரு வருட எக்ஸ்ரே. அப்புறம் அந்தக் குழந்தைக்கு என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் கேட்க வேண்டியவர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன். காலக்கணக்கே அப்படி. பல் மருத்துவக் கவுன்சிலின் 2017 விதிகளில் சேர்ந்த ஆறு மாதத்துக்குள் சினாப்சிஸ், அதாவது ஆய்வுத் திட்டச் சுருக்கம், கொடுக்க வேண்டும், இறுதித் தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே தீசிஸ் கொடுத்துவிட வேண்டும். நடுவில் எத்திக்ஸ் கமிட்டி அனுமதி. சிகிச்சை ஆய்வென்றால் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே சிடிஆர்ஐ என்கிற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு. 2018 ஏப்ரலுக்குப் பிறகு ஆய்வை ஆரம்பித்துவிட்டுப் பதிவு செய்ய முடியாது. தேவையான எண்ணிக்கையில் குழந்தைகள் கிடைக்கவே மாதங்கள் ஓடிவிடும். கடைசியாகச் சேர்ந்த குழந்தைக்கு என்ன ஃபாலோ அப் பார்க்க முடியும், சொல்லுங்கள்.

இதனாலேயே பலர் லேப் பக்கம் போய்விடுகிறார்கள். க்ளிப் போடுவதற்காகப் பிடுங்கிய ப்ரீமோலார் பற்களைச் சேர்த்து, அக்ரிலிக் பிளாக்கில் பதித்து, யூனிவர்சல் டெஸ்டிங் மெஷினில் வைத்து உடைத்து, பாண்ட் ஸ்ட்ரெங்த் (பல்லில் ஒட்டினது எவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறது என்பது) இத்தனை மெகாபாஸ்கல் என்று எழுதுவது. புது மருந்தையோ பசையையோ வாயில் வைப்பதற்கு முன் இந்த ஆய்வு அவசியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பற்களை 5 டிகிரித் தண்ணீரிலும் 55 டிகிரித் தண்ணீரிலும் மாற்றி மாற்றி 10,000 முறை முக்கினால் வாயில் ஒரு வருடம் இருந்ததற்குச் சமம் என்பது ஒரு மதிப்பீடு மட்டும்தான். நிஜமாக ஒரு வருடம் வாயில் இருந்த பல் நம் ஓபிக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

நான் கேட்பது ரொம்பப் பெரிய விஷயம் இல்லை. ஒரு பேட்ச் சேர்த்த குழந்தைகளை அடுத்த பேட்ச் மாணவர் தன் தீசிஸாக எடுத்துத் தொடரட்டும், அவர் முடிக்கும்போது அதற்கடுத்தவர் எடுக்கட்டும். மூன்று பேட்ச் கைமாறினால் அந்தப் பல் விழுகிற வயது வந்துவிடும். "ஏற்கெனவே பண்ணின தலைப்புதானே, இதில் புதுசா என்ன இருக்கு?" என்று கேட்கிற கைடுகளுக்கு என் பதில்: அந்த மருந்து அந்தக் குழந்தைகளிடம் ஐந்து வருடம் கழித்து என்ன செய்தது என்பது நம் டிபார்ட்மெண்டில் யாருக்குமே தெரியாது. இதைவிடப் புதிது என்ன வேண்டும்?

நோயாளிகள் திரும்பி வர மாட்டார்கள் என்பார்கள். நியாயமான கவலைதான். வந்தால் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும், பிள்ளைக்குப் பள்ளி போகும். அப்படியென்றால் சனிக்கிழமை கூப்பிடுங்கள், பஸ் காசு கொடுங்கள், அதை மாணவர் பாக்கெட்டிலிருந்து எடுக்க விடாமல் டிபார்ட்மெண்ட் ஏற்கட்டும். நியூசிலாந்தின் டுனீடினில் 1972-73இல் பிறந்த 1,037 பேரை மூன்று வயதிலிருந்து தொடர்ந்து பார்த்துவருகிறார்கள், பற்களையும் சேர்த்துத்தான். 45 வயதுச் சோதனைக்கு, உயிரோடு இருந்தவர்களில் 94 சதவீதம் பேர் வந்தார்கள். அவர்களிடம் இருக்கிற பணம் நம்மிடம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாற்பது குழந்தைகளின் அம்மாக்களுக்கு வருடம் ஒருமுறை போன் பண்ண அவ்வளவு பணம் தேவையில்லை.

இன்னொரு நன்மையும் உண்டு. பி வேல்யூ 0.05க்குக் கீழே வரவில்லை, அதாவது புள்ளிவிவரப்படி வித்தியாசம் உறுதியாகவில்லை என்று முகம் வாடி நிற்கிற பிஜிக்களை, அதாவது மேற்படிப்பு மாணவர்களை, பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. இரண்டு மருந்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பதும் ஒரு முடிவுதான். விலை குறைந்ததை வைக்கலாமா என்று யோசிக்க அரசு மருத்துவமனைக்கு அது உதவும். அடுத்தவர் தொடரப்போகிறார் என்று தெரிந்தால் முதல் ஆளுக்கு எண்களோடு மல்லுக்கட்ட வேண்டிய அழுத்தமும் குறையும்.

இந்த வருடம் சினாப்சிஸ் பார்க்கிற கைடுகள் ஒன்று செய்யுங்கள். ஒப்புதல் படிவத்தில் "பின்னாளில் வேறொரு மருத்துவர் உங்களை அழைக்கலாம், சம்மதமா?" என்று தமிழில் ஒரு வரி சேர்த்து எத்திக்ஸ் கமிட்டிக்கு அனுப்புங்கள். வெளியே போகிற பிஜி, எந்த நம்பர் எந்தக் குழந்தை என்று காட்டுகிற கோட் நம்பர் ரெஜிஸ்டர், எக்ஸ்ரே, போன் நம்பர் எல்லாவற்றையும் ஜூனியரிடம் எழுதி ஒப்படைத்த பிறகு தீசிஸில் கையெழுத்துப் போடுங்கள்.