அக்கா ஊருக்குப் போய் பதினோரு நாள் ஆச்சு

போன வாரத்துக்கு முந்துன ஞாயித்துக்கிழமை, ராத்திரி பத்து மணி இருக்கும், பாப்பாவைப் பாத்துக்கற அக்கா போன் பண்ணி அழுதாங்க. போளூர்ல அவங்க அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சிருச்சாம், ஒரு மாசமும் ஆகலாம் மூணு மாசமும் ஆகலாம், சொல்ல முடியலம்மான்னாங்க. எனக்கு மறுநாள் காலைல ஒம்போதுக்கு மீட்டிங், பாப்பாவுக்கு ஒன்னேகால் வயசு. எங்கம்மா திருநெல்வேலில, அப்பாவுக்கு கண் ஆபரேஷன் முடிஞ்சு மூணு நாள்தான் ஆகுது. மாமியாருக்கு முட்டி வலி, நாங்க இருக்கறது வேளச்சேரில லிப்ட் இல்லாத மூணாவது மாடி.

திங்கட்கிழமை வீட்டுக்காரர் லீவு போட்டார். அவர் மேனேஜர் கேட்ட முதல் கேள்வி, "ஏன், வீட்ல அவங்க இல்லையா?" செவ்வாய்க்கிழமை நான் போட்டேன். என்கிட்ட யாரும் அப்படி கேக்கல, குழந்தை விஷயம்னா நான்தான் லீவு போடணும்னு எல்லாரும் முடிவு பண்ணியே வச்சிருக்காங்க.

ஆள் தேட ஆரம்பிச்சோம். ஏஜென்சில ஒரு மாசச் சம்பளத்தை கமிஷனா கட்டிட்டா நாளைக்கே ஆள் வரும், ஆதார் காப்பி வாங்கி வச்சுக்கோங்கன்னாங்க. நாளைக்கே வர்ற ஒருத்தங்க கையில, என்ன நடந்ததுன்னு வாயத் திறந்து சொல்லத் தெரியாத குழந்தையக் குடுத்துட்டு கதவைச் சாத்திட்டுப் போக எனக்கு மனசு வரல. அங்கன்வாடில ரெண்டு வயசு முடிஞ்சிருக்கணும்னாங்க, அப்படியே சேத்தாலும் ஆபீஸ் விட்டு நாங்க வர்ற வரைக்கும் அது திறந்திருக்காது.

அப்புறம் டேகேர். மூணு எடம் போய்ப் பாத்தோம். முதல் எடத்துல சுவர் பூரா படம், ஏசி, கேமரா எல்லாம் இருந்துச்சு, ஆனா பாத்ரூம் கதவு திறந்து கிடக்கு, உள்ள பக்கெட் நெறைய தண்ணி. தவழ்ந்து நடக்கப் பழகற குழந்தைங்களுக்கு அரை பக்கெட் தண்ணியே போதும் உசுருக்கு ஆபத்தாக, தல குப்புற விழுந்தா அதுங்களால எந்திரிக்க முடியாது. கேமராவ எங்க வச்சிருக்காங்கன்னு பாக்கறதுக்கு முன்னாடி பாத்ரூமப் போய்ப் பாருங்க, இத எல்லா அப்பா அம்மாகிட்டயும் கையப் பிடிச்சு சொல்லணும்னு இருக்கு. ரெண்டாவது எடத்துல பத்து குழந்தைங்களும் டிவி முன்னாடி. மூணாவது சின்ன வீடுதான், பெயின்ட் கூட உதிர்ந்திருந்துச்சு. அங்க இருந்த ஆயாம்மா ஃபீஸ் பத்தியே பேசல, தரையில பாப்பா பக்கத்துல உக்காந்துட்டு "தூங்கறப்ப முதுகு தட்டணுமா, காலாட்டணுமா?"ன்னு கேட்டாங்க. எங்க பாப்பா காது மடலப் பிடிச்சுக்கிட்டாத்தான் தூங்கும். அங்கயே சேத்துட்டோம்.

ஆனா சேத்த அன்னிக்கே விட்டுட்டுப் போக முடியாது. முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் ரெண்டு மணி நேரம், அப்படித்தான் பழக்கணும், அதுக்கே ஒரு வாரம் போயிடுச்சு. ரெண்டு பேர் லீவும் காலி.

இதெல்லாம் என் சொந்தப் பிரச்சினைன்னு நினைச்சுத்தான் இத்தன நாள் வாய மூடிட்டு இருந்தேன். 2017ல மகப்பேறு பலன் சட்டத்துல திருத்தம் வந்துச்சே, 26 வாரம் லீவு எல்லாருக்கும் தெரியும், அதே திருத்தத்துல 11ஏன்னு ஒரு பிரிவும் வந்துச்சு. 2025 நவம்பர்ல அந்தச் சட்டத்துக்குப் பதிலா சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்தாலும், காப்பக விதி அதுலயும் இருக்கு. 50 பேர் அதுக்கு மேல வேலை பாக்கற எடத்துல குழந்தைகள் காப்பகம் இருக்கணும், தனியா வைக்கலாம், மத்தவங்களோட சேந்து பொதுவாவும் வைக்கலாம், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவ போய்ப் பாத்துட்டு வரலாம். வேலைக்குச் சேரும்போதே மகப்பேறு சட்டத்துல என்னென்ன கிடைக்கும்னு ஒவ்வொரு பொண்ணுக்கும் எழுத்துல குடுக்கணும்னும் அந்த 2017 திருத்தத்துல இருந்துச்சு. எனக்குக் குடுத்த பேப்பர்ல அது இல்ல. எச்ஆர்ல கேட்டா "டை அப் இருக்கு மேடம்"னு ஒரு அட்ரஸ் குடுத்தாங்க, ஆபீஸ்ல இருந்து பதினாலு கிலோமீட்டர். அந்த டிராபிக்ல நாலு தடவ இல்ல, ஒரு தடவ போய்ட்டு வந்தாலே பாதி நாள் போச்சு.

2005ல வந்த நூறு நாள் வேலைச் சட்டத்துல கூட, வேலை நடக்கற எடத்துல ஆறு வயசுக்குள்ள அஞ்சு குழந்தைங்க இருந்தா, பாத்துக்க ஒரு பொண்ண கூலி குடுத்து நிறுத்தணும்னு எழுதுனாங்க. ஏரி வெட்டற எடத்துல யோசிக்க முடிஞ்சது, கண்ணாடிக் கட்டடத்துல ஏன் முடியல? எனக்கு இதுல இன்னொரு வருத்தமும் உண்டு, காப்பகத்துக்கு நாலு தடவ போய்ப் பாக்கற விதியில அப்பாவப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

"சொல்லாம கொள்ளாம போய்ட்டாளே, சம்பளத்தப் பிடி"ன்னு அக்காவப் பத்தி என்கிட்ட சொன்னவங்க நெறைய. எதுக்குப் பிடிக்கணும்? ஒரு வருஷமா ஞாயித்துக்கிழமை தவிர ஒரு நாள் லீவு எடுக்கல அவங்க. நான் ஆபீஸ்ல எல்லா லீவும் எண்ணி எண்ணி எடுத்திருக்கேன், அவங்களுக்கு இத்தன நாள்னு நான் ஒரு கணக்கே வைக்கல. அது என் தப்பு. இந்த மாசச் சம்பளம் முழுசா போட்டு விட்டாச்சு, திரும்பி வந்தா மாசம் ரெண்டு நாள் சம்பளத்தோட லீவுன்னும் சொல்லிட்டேன்.

எங்க ஃப்ளோர்ல சின்னக் குழந்தை வச்சிருக்கற ஆறு பேர்கிட்ட பேசி, காப்பகம் பத்தின சட்டப் பிரிவ அப்படியே எழுதி எச்ஆருக்கு மெயில் போட்டிருக்கோம். அந்த ஆறுல ரெண்டு பேர் அப்பாங்க. வெள்ளிக்கிழமை அனுப்பினது, இன்னும் பதில் வரல. உங்க ஆபீஸ்ல நிஜமாவே காப்பகம் நடக்குதுன்னா எப்படிக் கேட்டு வாங்குனீங்கன்னு எழுதுங்க, எங்களுக்கு இப்ப அதுதான் வேணும்.