பதில் மேனுவல்ல இருக்கு, ஆனா அத எந்த வார்த்தைய போட்டுத் தேடுறது?

எஃப்எஃப்எம்பெக் எடுத்துக்கோங்க, கட்டளை அடிச்சு வீடியோவ வெட்ட, மாத்த உதவுற மென்பொருள். ஒரு வீடியோ நடுவுல இருந்து பத்து செகண்ட் வெட்டணும், ரீஎன்கோட் பண்ணாம, அதாவது வீடியோவ மறுபடி சுருக்கி எழுதாம, அப்படியே காப்பி பண்ணணும். கட்டளை ஓடிருச்சு, எரர் எதுவும் வரல, ஆனா கேட்ட இடத்துக்கு ரெண்டு மூணு செகண்ட் முன்னாடியே வீடியோ ஆரம்பிக்குது. ஏன்னா காப்பி பண்றப்ப அந்த இடத்துக்கு முன்னாடி இருக்கற கீஃப்ரேம்ல (முழுப் படமா சேமிச்சிருக்கற ஃப்ரேம்) இருந்துதான் அதால எடுக்க முடியும். இது மேனுவல்ல இருக்கா? இருக்கு, தப்பே இல்லாம இருக்கு. ஆனா "சீக் பாயிண்ட்"னு போட்டு எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு சொல்ற 'எஸ்எஸ்'ங்கற ஆப்ஷனுக்குக் கீழ ஒரு பத்தியில உக்காந்திருக்கு. "என் வீடியோ ஏன் முன்னாடியே ஆரம்பிக்குது"னு முழிக்கிறவனுக்கு சீக் பாயிண்டும் தெரியாது கீஃப்ரேமும் தெரியாது, அவன் எதைத் தேடுவான் சொல்லுங்க!

என் வாதம் இவ்ளோதான். ஓப்பன் சோர்ஸ்ல, அதாவது மூலக்கோட யார் வேணா பார்த்து மாத்தக்கூடிய மென்பொருள்கள்ல, டாக்ஸ் (விளக்க ஆவணங்கள்) இல்லாம இல்ல, நிறைய இடத்துல மலை மாதிரி கிடக்கு. ஆனா எல்லாம் மென்பொருள் உள்ள எப்படி பிரிச்சு வெச்சிருக்கோ அதே வரிசையில எழுதினது. வெளிய நிக்கிறவன் அறிகுறியோட வர்றான், நாம மருந்து பேர் வரிசையா அடுக்கின அலமாரிய காட்டுறோம். கேட்டா "மேனுவல படி"னு ஒரு அதட்டல் வேற.

டேனியலே ப்ரொசிடா டாக்ஸ் எழுத டயாடாக்ஸிஸ்னு ஒரு முறை சொல்றார்ல, டுடோரியல் வேற, ஹவ்-டு வேற, ரெஃபரன்ஸ் வேற, விளக்கம் வேறன்னு, நல்ல விஷயம்தான். ஆனா நாலா பிரிச்சு வெச்சாலும் உள்ள இருக்கற வார்த்தை டெவலப்பரோட வார்த்தையாவே இருந்தா அதே கதைதான்.

சில சமயம் குத்தம் டாக்ஸ் மேலயே இல்ல. கோட்ல பண்ற மாற்றங்கள பதிவு பண்ணி வெக்கற கிட்ல பிராஞ்ச் (கோடோட தனிக் கிளை) மாத்தறதுக்கும் செக்அவுட்னு ஒரே கட்டளை, ஃபைல்ல பண்ண மாற்றத்த தூக்கிப் போடறதுக்கும் செக்அவுட். எவ்ளோ விளக்கினாலும் புதுசா வர்றவன் ஒரு தடவையாவது அதுல பண்ணி வெச்ச மாற்றத்த தொலைச்சிருப்பான். கடைசில 2019ல 2.23 வெர்ஷன்ல ஸ்விட்ச், ரிஸ்டோர்னு ரெண்டு தனி கட்டளையாவே கொண்டு வந்தாங்க. ஒரே இடத்த திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருந்தா அங்க டிசைன தான் தொடணும்.

ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டுகள் நிறைய இருக்கற கிட்ஹப் தளம் 2017ல எடுத்த சர்வேல 93 சதவீதம் பேர் டாக்ஸ் அரைகுறையா பழசா கிடக்குறத பார்த்திருக்கோம்னு சொன்னாங்க, அதே சர்வேல பங்களிக்கிறவங்கள்ல 60 சதவீதம் பேர் டாக்ஸ் பக்கம் எப்பவாவது போவோம் இல்ல போகவே மாட்டோம்னாங்க. நானும் அந்த 60ல இருந்த ஆளுதான், நமக்கு இன்னும் சரியா தெரியலயே, தெரிஞ்சப்புறம் எழுதுவோம்னு தள்ளிப்போட்டு தள்ளிப்போட்டு, தெரிஞ்சப்புறம் பார்த்தா எங்க தடுக்கி விழுந்தோம்ங்கறதே மறந்து போச்சு.

அதனால இப்பல்லாம் புது டூல் எது தொட்டாலும் முதல் வாரம் பக்கத்துல ஒரு ஃபைல் திறந்து வெச்சிருக்கேன். என்ன எரர் வந்துச்சு, கூகுள்ல என்ன வார்த்தை அடிச்சேன் (பாதி கேவலமா இருக்கும்), கடைசில பதில் எந்தப் பேர்ல கிடைச்சுது. போன மாசம் ஒரு ப்ராஜெக்டுக்கு அதுல இருந்து நாலு வரி அனுப்பினேன். "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே"ன்னு ரிவ்யூல கேட்டாங்க. பிரச்சனைகள பதிவு பண்ற அவங்க இஷ்யூ பக்கத்துலயே அதே கேள்விய பதினோரு பேர் தனித்தனியா கேட்டிருந்த லிங்க்க எல்லாம் வரிசையா ஒட்டினேன். மறுநாள் என் நாலு வரியும் மெர்ஜ் ஆயிடுச்சு, அதாவது ப்ராஜெக்ட்ல சேர்த்துட்டாங்க.