சாலையை விட்டு இறங்காதீர்கள்

நமீபியாவின் ஸ்கெலிட்டன் கோஸ்ட் தேசியப் பூங்காவுக்குப் போய்வந்ததிலிருந்து "அங்க என்ன இருக்கு, வெறும் மணல்தானே?" என்று பலர் கேட்டுவிட்டார்கள். அந்த மண்ணுக்கு ஆபத்தே இந்த நினைப்புதான். ஒன்றுமில்லை என்று நம்புகிறவர்தான் ஜீப்பைச் சாலையிலிருந்து இறக்கி வெட்டவெளியில் வட்டமடிக்கிறார்.

தெற்கே உகாப் ஆற்றிலிருந்து வடக்கே அங்கோலா எல்லையில் ஓடும் குனேனே ஆறு வரை, ஏறத்தாழ 500 கிலோமீட்டர் கடற்கரை. 1971-ல் பூங்காவானது. பெங்குவேலா என்ற குளிர்ந்த நீரோட்டம் கரையை ஒட்டி ஓடுவதால் அங்கே மழைமேகம் கூடுவதில்லை, மூடுபனிதான் திரள்கிறது. அதே நீரோட்டம்தான் கடலடிச் சத்துகளை மேலே கொண்டுவந்து மீனைக் கொழிக்க வைக்கிறது. நிலம் காய்ந்து கிடக்க, கரையில் சீல்கள் கூட்டம் கூட்டமாகப் படுத்திருக்கின்றன. அவற்றின் குட்டிகளைத் தேடி நரியும் பழுப்புக் கழுதைப்புலியும் அலைகின்றன. கால்நடை வளர்ப்பவர்களோடு ஏற்பட்ட மோதலில் இந்தக் கரையிலிருந்தே மறைந்துபோன சிங்கங்கள் 2000-க்குப் பிறகு மெல்லத் திரும்பிவந்தன. இளம் பெண்சிங்கங்கள் நீர்க்காகத்தையும் சீலையும் வேட்டையாடியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கடலை நம்பி வாழப் பழகிய சிங்கம்! இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் என் மனதைப் பிடித்தது சிங்கமல்ல, தரையில் ஒட்டிக் கிடக்கும் லைக்கன்கள்தான். செட்டிநாட்டு மசாலாவில் போடுகிறோமே கல்பாசி, அதன் உறவு. சரளைக் கற்களின் மேல் ஆரஞ்சும் சாம்பலுமாகப் படர்ந்து, பனியின் ஈரத்தை மட்டும் குடித்து, மிக மிக மெதுவாக வளர்கின்றன. ஒரு டயர் ஏறினால் நொறுங்கிப்போகும். அந்தத் தடம் பல பத்தாண்டுகள் அழியாது. பழைய தடங்களை நானே பார்த்தேன், நேற்றுப் போன வண்டி மாதிரி இருந்தன.

டமாரா ஆலா என்று ஒரு சிறு பறவை. உலகத்தில் உள்ளவற்றில் பெரும்பகுதி நமீபியக் கரையில்தான் இனப்பெருக்கம் செய்கிறது. கூடு என்று ஒன்று கட்டுவதில்லை. சரளைத் தரையில் சின்னக் குழி, பெரும்பாலும் ஒரே முட்டை, அதுவும் கல்லின் நிறத்தில். வண்டி ஓட்டுகிறவர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

பூங்காவுக்குள் டெரஸ் பே என்று ஒரு தங்கும் முகாம் உண்டு. அதற்குச் சற்று வடக்கே வரைதான் நம் வண்டி போகலாம். அதற்கு மேல் உரிமம் பெற்ற சுற்றுலா நிறுவனம் வழியாக, பெரும்பாலும் சிறுவிமானத்தில். "பணக்காரர்களுக்கு மட்டும் திறந்த காடா?" என்ற கோபம் நியாயமானது. எனக்கும் அந்தப் பக்கத்தைப் பார்க்க ஆசை உண்டு, பணம் இல்லை. இருந்தாலும் அந்தக் கதவை எல்லோருக்கும் திறக்கச் சொல்ல மாட்டேன். கட்டணத்தில் சலுகை கேளுங்கள், உள்ளூர் மக்களுக்கு இடம் கேளுங்கள், நானும் கூட நிற்பேன். வண்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள்.